துப்பாக்கி எந்தத் தோளில்? முதலில் கண்ணைச் சோதியுங்கள்

துப்பாக்கி சுடப் பழக ரேஞ்சுக்கு வருகிறவரிடம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "வலது கையா, இடது கையா?" என்பதுதான். வலது கை என்றால் துப்பாக்கி வலது தோளுக்குப் போய்விடும். எழுதுவதற்கும் பந்து எறிவதற்கும் அந்தக் கேள்வி போதும். குறி பார்க்கப் போதாது. துப்பாக்கியைத் தாங்குவதும் விசையை இழுப்பதும் கையின் வேலை. குழல் எதை நோக்கி நீண்டிருக்கிறது என்று பார்ப்பது கண்ணின் வேலை. இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது ஒரு கண் காட்டும் திசையைத்தான் மூளை பெரும்பாலும் நம்புகிறது. அதை ஆதிக்கக் கண் என்கிறார்கள். ரேஞ்சில் 'மாஸ்டர் ஐ' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

கையும் ஆதிக்கக் கண்ணும் ஒரே பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றித் தெரியாமலேயே காலம் ஓடிவிடும். எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் பாவம். நிற்கும் விதம், மூச்சு, விசை இழுப்பு என்று எல்லாவற்றையும் திருத்திப் பார்ப்பார்கள். குறி மட்டும் விழாது. இவர்கள் அபூர்வமானவர்களும் இல்லை. வலது கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடது கண்தான் ஆதிக்கக் கண். இடது கைப் பழக்கமுள்ளவர்களிடம் நிலைமை இன்னும் குழப்பம்: பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு இடது கண், மற்றவர்களுக்கு வலது கண்.

உங்களுக்கு எது என்று இப்போதே பார்த்துவிடலாம். துப்பாக்கி வேண்டாம், வேண்டவும் கூடாது. இரண்டு கைகளையும் முன்னால் நேராக நீட்டுங்கள். உள்ளங்கைகள் வெளியே பார்க்கட்டும். ஒரு கையின் விரல்களை மற்றதன் மேல் சாய்த்து, இரு கட்டைவிரல்களுக்கும் நடுவே ஒரு சின்ன முக்கோண ஓட்டை கிடைக்கும்படி சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவரில் இருக்கும் சுவிட்சையோ கடிகாரத்தையோ இரண்டு கண்களையும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். இப்போது இடது கண்ணை மட்டும் மூடுங்கள். சுவிட்ச் இன்னும் ஓட்டைக்குள் தெரிந்தால் வலது கண் உங்கள் ஆதிக்கக் கண். சுவிட்ச் காணாமல்போய்க் கையின் முதுகு தெரிந்தால், இடது கண்.

கண்ணை மூடாமலும் பார்க்கலாம். ஓட்டை வழியாகச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டே கைகளை மெதுவாக முகத்தை நோக்கி இழுத்துக்கொண்டு வாருங்கள். கைகள் தானாக எந்தக் கண்ணின் முன்னால் வந்து நிற்கின்றனவோ அதுதான். தன் கண்ணைத் தனித்தனியாக மூடத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முறைதான் சரிவரும். ஒரு விரலை மட்டும் நீட்டிப் பார்க்கும் பழைய சோதனை ஒன்றும் உண்டு. 1593-இல் இத்தாலியின் ஜாம்பட்டிஸ்டா டெல்லா போர்ட்டா எழுதிவைத்தது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் வலது கை விரலை நீட்டினால் அது வலது கண் பக்கமாகவே சாய்ந்துகொள்ள வாய்ப்பு அதிகம். இரண்டு கைகளையும் சேர்த்துச் செய்யும் சோதனையில் அந்தச் சாய்வு குறைவு. எதைச் செய்தாலும் ஒரு தடவையோடு நிறுத்த வேண்டாம். கைகளை இறக்கி, வேறு பொருளைப் பார்த்து, மறுபடி செய்யுங்கள். விடை மாறி மாறி வந்தால் அதுவும் ஒரு விடைதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பலருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: "எனக்கு இடது கண்ணில் பவர் அதிகம், அப்படியானால் வலது கண்தானே ஆதிக்கக் கண்?" அப்படி இல்லை. எழுத்துப் பலகையில் கூர்மையாகப் படிக்கும் கண் வேறு, திசை காட்டும் கண் வேறு. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்கலாம், கட்டாயம் இல்லை. கண்ணாடி போட்டுச் சுடுகிறவர் கண்ணாடியோடுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

கையும் கண்ணும் ஏன் ஒரே பக்கம் சேர்வதில்லை என்பதற்கு உடலமைப்பில் காரணம் இருக்கிறது. வலது கையை ஆட்டிவைப்பது மூளையின் இடது பாதி. இடது கையை வலது பாதி. ஒரு கை, ஒரு பாதி என்று கணக்கு நேராக முடிந்துவிடுகிறது. கண்ணில் அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் நரம்பிழைகள் மூளையின் இரு பாதிகளுக்கும் பிரிந்து போகின்றன. இரண்டு கண்களும் பார்க்கும் காட்சியின் வலப்பக்கம் முழுவதும் இடது பாதிக்கும், இடப்பக்கம் முழுவதும் வலது பாதிக்கும் போய்ச் சேரும். ஆக, வலது கையை ஆளும் அதே பாதி வலது கண்ணையும் ஆள்கிறது என்று சொல்லவே வழியில்லை. கைப்பழக்கத்துக்கும் கண் ஆதிக்கத்துக்கும் லேசான தொடர்பு மட்டுமே மிஞ்சுகிறது.

சரி, இதனால் சுடும்போது என்ன ஆகும்? அது கையில் இருக்கும் துப்பாக்கியைப் பொறுத்தது. எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே அறிவுரை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ஷாட்கன்னில்தான் இந்தச் சிக்கலின் அடி பலமாக விழும். ரைஃபிளிலும் பிஸ்டலிலும் குழலின் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி என்று இரண்டு இருக்கும். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தால் குறி பார்த்தாயிற்று. ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. குழலின் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும் இருக்கும். பின்குறியாக வேலை செய்வது சுடுகிறவரின் கண்ணேதான். கன்னத்தைத் துப்பாக்கியின் பின்பகுதியான கட்டையில் ஒட்ட வைத்தால், தோள் பக்கத்துக் கண் குழலுக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டியில் மணியைப் பார்த்து நிதானமாகக் குறி வைக்க நேரமும் இல்லை. தட்டைப் பார்த்தபடி துப்பாக்கியை அதன்மேல் ஓட்டி, இழுத்துவிட வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்ட டிராப் இந்த வகைதான்.

வலது தோளில் ஷாட்கன்னை வைத்திருப்பவருக்கு ஆதிக்கக் கண் இடது என்று வைத்துக்கொள்வோம். குழல் வலது கண்ணுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆனால் மூளை இடது கண்ணை நம்பி, இடது கண்ணிலிருந்து மணி வழியாகத் தட்டுக்கு ஒரு கோடு போடுகிறது. 'மணி தட்டுக்கு நேரே வந்துவிட்டது, இழு' என்கிறது. குழலோ வலது கண்ணிலிருந்து மணிக்குப் போகும் கோட்டில் இருக்கிறது. இரண்டு கோடுகளும் மணியில் ஒன்றையொன்று வெட்டி, அதற்கு அப்பால் விலகிப் போகின்றன. பெரியவர்களுக்கு இரு கண்மணிகளுக்கும் இடையே சுமார் 6 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து குழல் நுனி சுமார் 1 மீட்டர். அப்படியானால் நுனியைத் தாண்டிய ஒவ்வொரு மீட்டருக்கும் 6 சென்டிமீட்டர் விலகல். 30 மீட்டரில் தட்டு இருந்தால், ரவை, அதாவது ஷாட்கன் தோட்டாவிலிருந்து சிதறும் சின்னக் குண்டுகள், அதற்கு இடப்பக்கம் ஏறக்குறைய 1.7 மீட்டர் தள்ளிப் போகும். தட்டின் குறுக்களவு 11 சென்டிமீட்டர். ரவை பரவும் வட்டம் ஒரு மீட்டர் அகலம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் தட்டில் ஒரு குண்டுகூடப் படாது.

இடது கண் முழுமையாக ஆள்கிறது என்று கொண்டு போட்ட கணக்கு இது. நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. கன்னம் கட்டையில் அழுந்தியிருக்கும்போது சில நேரம் வலது கண் முன்னே வரும், சில நேரம் இடது கண். அதனால்தான் இப்படிப்பட்டவர்களின் சுடும் வரலாறு விசித்திரமாக இருக்கும்: இரண்டு தட்டு அழகாக உடையும், மூன்றாவதில் தொடர்பே இல்லாமல் இடப்பக்கம் போகும். எல்லாமே இடப்பக்கம் போனால் கோச் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். சமயத்துக்கு ஒன்றாகப் போவதால்தான் மாதக்கணக்கில் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

ரைஃபிளில் கதை வேறு. ஏர் ரைஃபிளில் பின்குறி ஒரு சின்னத் துளை. கண்ணுக்கு மிக அருகில் இருக்கும். அந்தத் துளைக்குப் பின்னால் எந்தக் கண் இருக்கிறதோ அதால் மட்டுமே குறி பார்க்க முடியும். இன்னொரு கண்ணுக்கு அந்தக் கோடு தெரியவே தெரியாது. அதனால் குறி இரண்டு மீட்டர் தவறுவதெல்லாம் இங்கே நடக்காது. ஆனால் இடது கண் சும்மா இருக்காது. எதிரில் இருக்கும் விளக்கு, பக்கத்து லேன் என்று ஒரு காட்சியைக் கொண்டுவந்து வலது கண்ணின் காட்சிமேல் போடும். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி என்பது வெறும் அரை மில்லிமீட்டர். அந்த நுணுக்கத்தில் இந்தத் தொந்தரவே போதும். அதனால்தான் கடலூரில் பிறந்த இளவேனில் வளரிவன் போன்றோர் ஆடும் இந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தால், பலருடைய இன்னொரு கண்ணின் முன்னால் ஒரு சின்ன மறைப்பு தொங்குவதைக் கவனிக்கலாம். கண்ணாடியில் மாட்டும் அந்த மறைப்பு 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசப் போட்டி விதி.

மறைப்பு கறுப்பாக இருப்பதைவிட, வெளிச்சம் ஊடுருவும் மங்கலான பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. ஒரு கண்ணை இருட்டாக்கினால் இரண்டு கண்மணிகளும் சேர்ந்தே கொஞ்சம் விரியும். கண்மணி விரிந்தால் குறியின் கூர்மை குறையும். ஒரு கண்ணை இறுக்க மூடுவதிலும் இந்தக் கோளாறு உண்டு. அதோடு மூடிய இமை முகத் தசையை இழுத்துப் பிடிப்பதால் ஒரு மணி நேரத்தில் முகமே களைத்துவிடும். என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளைக் கையில் கொடுத்து "இடது கண்ணை மூடு" என்று சொல்வது பரவலான பழக்கம். நாலைந்து தோட்டாவுக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இடது கண்ணைத் தனியாக மூடவே வராத மாணவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருப்பார்கள். அவர்களில் சிலருக்கு இடதுதான் ஆதிக்கக் கண்ணாக இருக்கும். 'இவனுக்குக் கண் மூடக்கூடத் தெரியவில்லை' என்று திட்டுவதற்குப் பதில் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

பிஸ்டலைப் பற்றிக் கவலையே வேண்டாம். முன்குறி, பின்குறி இரண்டுமே நீட்டிய கையின் முனையில் இருக்கின்றன. கட்டையில் கன்னம் ஒட்டும் வேலை இல்லை. வலது கையில் பிடித்துக்கொண்டு தலையைச் சற்றே திருப்பினால் இடது கண் குறிக்கு நேராக வந்துவிடும். கையைக் கொஞ்சம் உள்பக்கம் கொண்டுவந்தாலும் போதும். வலது கை, இடது கண் என்ற சேர்க்கையோடு பிஸ்டல் சுடுகிறவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். கையை மாற்றச் சொல்லி ஒரு பிஸ்டல் கோச் வற்புறுத்தினால் ஏன் என்று கேளுங்கள்.

பிஸ்டலில் இரு கண்ணும் திறந்திருக்கலாமா என்ற கேள்விக்குப் பாரிஸ் 2024 இரண்டு விடைகளைக் காட்டியது. தென் கொரியாவின் கிம் யேஜி, ஒரு கண்ணுக்கு லென்ஸ், இன்னொன்றுக்கு மறைப்பு என்று அறிவியல் புனைகதைப் பாத்திரம் போல நின்று, பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கினார். நம் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதும் அதே போட்டியில்தான். சில நாள் கழித்து துருக்கியின் யூசுஃப் டிகெச், சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, இரண்டு கண்களையும் திறந்தபடி கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கினார். இரண்டும் சரி. கருவி இருந்தால்தான் நடக்கும் என்பதும் பொய், கருவியே கூடாது என்பதும் பொய்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். கையும் கண்ணும் எதிரெதிர், நீளத் துப்பாக்கி பழக வேண்டும், என்ன செய்வது?

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால், அதுவும் ஷாட்கன் என்றால், துப்பாக்கியை ஆதிக்கக் கண் பக்கத்துத் தோளுக்கு மாற்றிவிடுங்கள். என் அபிப்பிராயத்தில் இதற்கு இரண்டாவது பேச்சு இல்லை. முதல் சில வாரங்கள் அசிங்கமாகத்தான் இருக்கும். விசை விரல் கேட்காது, துப்பாக்கி தோளில் உட்காராது, தோட்டா போடும்போது கை தடுமாறும். ஆனால் கை கற்றுக்கொள்ளும். இன்னும் எந்தப் பழக்கமும் படியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது ஒரு விஷயமே இல்லை.

கை எவ்வளவு தூரம் கற்றுக்கொள்ளும் என்பதற்கு ஹங்கேரியின் காரோய் டாகாச் சாட்சி. ராணுவத்தில் இருந்தவர், வலது கையால் பிஸ்டல் சுடுவதில் நாட்டிலேயே முன்னணியில் இருந்தவர். 1938-இல் பயிற்சியின்போது கையெறி குண்டு ஒன்று வெடித்து வலது கை போயிற்று. இடது கையால் சுடப் பழகினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பழகி, அடுத்த ஆண்டே தேசியப் போட்டியில் வந்து நின்று வென்றார். போர் குறுக்கிட்டதால் ஒலிம்பிக் 1948-க்குத் தள்ளிப்போனது. லண்டனில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் உலக சாதனையோடு தங்கம்; 1952-இல் ஹெல்சிங்கியில் மறுபடி தங்கம். அவர் சுட்டது பிஸ்டல், கண் சிக்கல் குறைவான ஆயுதம் என்பதை மறைக்கவில்லை. எழுதும் கை அல்லாத கையால் உலகத் தரத்துக்குச் சுட முடியும் என்பதற்கு மட்டும் அவரை அழைத்தேன்.

இருபது வருடமாக வலது தோளில் சுட்டுப் பழகியவருக்கு இதே அறிவுரையைச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஒட்டு வைத்தியம் இருக்கிறது. சுடும்போது போடும் பாதுகாப்புக் கண்ணாடியில், இடது கண் பக்கத்து வில்லையில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக மங்கலான டேப் ஒன்றை ஒட்டிக்கொள்வது. எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். காலித் துப்பாக்கி என்று திறந்து உறுதிசெய்த பிறகு, பாதுகாப்பான திசையில் தோளில் வைத்து, இடது கண்ணுக்குக் குழல் நுனி மறையும் இடம் எது என்று பார்த்து, அங்கே மட்டும் ஒட்ட வேண்டும். அப்போது இடது கண் மற்ற எல்லாவற்றையும் பார்க்கும், மணியை மட்டும் பார்க்காது. மணியைப் பார்க்க முடியாத கண்ணால் குறி பார்க்கவும் முடியாது. வேலை வலது கண்ணிடம் வந்துவிடும். தட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காண இரண்டு கண்களும் மிஞ்சியிருக்கும். கண்ணை முழுவதுமாக மூடுவதைவிட இது எவ்வளவோ மேல். இழுக்கும் நொடியில் மட்டும் இடது கண்ணைச் சிமிட்டுகிறவர்களும் உண்டு. வந்தால் நல்லது, எல்லோருக்கும் வராது.

பழைய காலத்து ஆங்கிலேயத் துப்பாக்கி ஆசாரிகள் இதற்கு இன்னொரு வழி வைத்திருந்தார்கள். கட்டையையே பக்கவாட்டில் வளைத்துச் செய்துவிடுவது: அடிக்கட்டை வலது தோளில், குழலோ இடது கண்ணுக்கு நேரே. ஒற்றைக் கண்ணை இழந்தவர்களுக்கும் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் யாரோ துப்பாக்கியை மிதித்து வளைத்துவிட்டது போல இருக்கும். செலவு அதிகம் என்பதால் இன்று அபூர்வம்.

தோளை மாற்றுவதென்று முடிவு செய்தால், கருவி உங்கள் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான துப்பாக்கிகள் வலது தோள்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. நம் ஊர்க் காவலர்கள் பல்லாண்டு தூக்கிச் சுமந்த .303 போன்ற போல்ட் ரைஃபிளில், ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய போல்ட்டின் கைப்பிடி வலப்பக்கம். இடது தோளில் வைத்தவர் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மேல்வழியாகக் கையைக் கொண்டுபோக வேண்டும். தானியங்கித் துப்பாக்கிகளில் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வலப்பக்கமாகத் தெறிக்கும். இடது தோள்காரரின் முகம் அந்தப் பக்கம்தான் இருக்கும். அமெரிக்காவின் எம்16ஏ2 ரைஃபிளில் கூட்டை விலக்கிவிடப் பின்னால் ஒரு சின்ன மேடு வைத்தது இதற்காகத்தான். பிரிட்டனின் எஸ்ஏ80 ரைஃபிளில் அந்த வழியும் இல்லை. கூடு வெளியேறும் இடம் கன்னத்துக்கு அருகிலேயே இருப்பதால், படைவீரர் எந்தக் கைக்காரராக இருந்தாலும் வலது தோளில்தான் வைத்துச் சுட வேண்டும்.

போட்டிக்குப் பழகுகிறவர்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. குழல்கள் மேலும் கீழுமாக இருக்கும் ஷாட்கன் நடுவில் மடிந்து திறப்பது; சுட்ட கூடு பின்பக்கமாகத்தான் வரும். அதில் இடது, வலது வேறுபாடு கட்டையின் லேசான வளைவில் மட்டுமே. ஏர் ரைஃபிளிலும் ஏர் பிஸ்டலிலும் கைப்பிடிக் கட்டை உள்ளங்கை வடிவத்துக்கே செதுக்கியது என்பதால் வலது கைக்கானதை இடது கையில் பிடிக்கவே முடியாது. இடது கைப்பிடி தனியாகக் கிடைக்கும். கிளப்பில் இருக்கும் பொதுத் துப்பாக்கிகளில் இடது பிடி இருக்கிறதா என்று சேரும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

சோதனையில் விடை மாறி மாறி வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சிலருக்கு ஆதிக்கம் பலவீனமாக இருக்கும். பார்வை இடப்பக்கம் திரும்பும்போது இடது கண்ணும், வலப்பக்கம் திரும்பும்போது வலது கண்ணும் முன்னே வரலாம். முழு எதிர்ப்பக்கத்துக்காரரைவிட இவர்களுக்குத்தான் ஷாட்கன் தலைவலி, ஏனென்றால் ஒரே தட்டைத் தொடரும் நொடிகளுக்குள் கண் கைமாறிவிடும். இவர்கள் தோளை மாற்றிப் பிரயோசனம் இல்லை. எழுதும் கைப் பக்கமே வைத்துக்கொண்டு டேப் ஒட்டிக்கொள்வதுதான் சரி.

ஆதிக்கம் வயதோடு மாறவும் கூடும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வரும்போது, ஒரு கண்ணில் புரை வளரும்போது, கண் அறுவைக்குப் பிறகு என்று எப்போது வேண்டுமானாலும். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தவருக்குக் காரணமே தெரியாமல் ஒரு பக்கமாகத் தவறத் தொடங்கினால், துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்கும் முன் இரு கைகளையும் நீட்டி அந்த முக்கோணச் சோதனையைச் செய்து பார்க்கட்டும். கோச் உதவி வேண்டுமென்றால், அவர் எதிரே சில அடி தள்ளி நின்று, தன் மூக்கு நுனியை நோக்கி உங்கள் விரலை நீட்டச் சொல்வார். விரல் உங்களுடைய எந்தக் கண்ணுக்கு நேராக நிற்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். இதையே காலித் துப்பாக்கியை வைத்துச் செய்து காட்டுகிறேன் என்று யாராவது எதிரே நின்றால் மறுத்துவிடுங்கள். காலியாக இருந்தாலும் துப்பாக்கியை மனிதரை நோக்கி நீட்டக் கூடாது. இந்தச் சோதனைக்கு விரலே போதும்.